வைற்ஹோல் நித்திரையும் குச்சவெளி நித்திரையும்

நாளொன்றுக்கு 5 மணித்தியாலமோ அதற்குக் குறைவாகவோ உறங்கும் பெண்களுக்கு உயர் குருதியமுக்கம் ஏற்படும் ஆபத்து இரு மடங்கு. இந்த ஒற்றை வரி நீண்டகாலமாகத் தமிழ் ஏடுகளின் மருத்துவப் பக்கங்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. தலைப்பு மாறும், படம் மாறும், வரி மாறுவதில்லை. எந்த ஆய்வு, எந்த நாடு, எத்தனை பேர் என்ற விவரங்கள் பயணத்தில் எங்கோ உதிர்ந்து போய்விட்டன. இன்று அது ஏடுகளை விட்டுக் கைத்தொலைபேசிகளுக்குக் குடிபெயர்ந்து, கட்டாரிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் பிள்ளைகள் ஊரிலிருக்கும் தாய்மாருக்கு அனுப்பிவைக்கும் அறிவுரையாகிவிட்டது.

குச்சவெளிப் பக்கத்தில் அப்படியொரு செய்தியைப் பெற்ற தாய் ஒருவரைச் சந்தித்தேன். கணவர் கடலுக்குப் போகிறவர். அவருக்கு நெடுநாளாகப் 'பிறசர்'. "நித்திரை கொண்டா இது தானா இறங்குமாம் ஐயா, மகன் அனுப்பியிருக்கிறான். அதான் குளிசையை விட்டுட்டுப் படுத்துப் பாக்கிறன்" என்றார். இரவு 3 மணிக்கு எழும்புகிற ஒருவர் எத்தனை மணிக்குப் படுத்தால் 7 மணித்தியாலம் தேறும் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. குளிசையை விட்டதுதான் என்னை உறுத்தியது. எனவே அந்த வரி எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது வெறும் அறிவு விளையாட்டு அல்ல.

அது வந்த இடம் லண்டன். பிரித்தானிய அரச ஊழியர் 10,308 பேரை 1985 முதல் 1988 வரை சேர்த்துக்கொண்டு, ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து வரும் ஆய்வொன்று உண்டு. அமைச்சகங்கள் அமைந்துள்ள தெருவின் பெயரால் அதனை 'இரண்டாம் வைற்ஹோல் ஆய்வு' என்பார்கள். சேரும்போது அவர்களுக்கு வயது 35 முதல் 55 வரை; ஆண்கள் 6,895 பேர், பெண்கள் 3,413 பேர். அந்த ஊழியர்களின் நித்திரைக் கணக்கையும் குருதியமுக்கத்தையும் பொருத்திப் பார்த்துப் பேராசிரியர் பிரான்செஸ்கோ கப்பூச்சியோவும் கூட்டாளிகளும் 2007இல் 'ஹைப்பர்ரென்சன்' என்ற மருத்துவ ஏட்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நேர்மையாக எழுதப்பட்ட கட்டுரை அது. இங்கே நான் சொல்லப்போகும் குறைகளில் முக்கியமானவற்றுக்கான எண்களை அதே கட்டுரைதான் தருகிறது. செய்தியாக்கியவர்கள் அதன் முதற்பாதியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

முதற்பாதி இது. 1997 முதல் 1999 வரையிலான கட்டத்தில் 5,766 பேரை எடுத்துக்கொண்டு, யாருக்கு உயர் குருதியமுக்கம் இருக்கிறது, யார் எத்தனை மணித்தியாலம் உறங்குகிறார் என்று ஒரே நேரத்தில் பார்த்தார்கள். 7 மணித்தியாலம் உறங்கும் பெண்களோடு ஒப்பிட, 5 மணித்தியாலம் அல்லது குறைவாக உறங்கும் பெண்களுக்கு வாய்ப்பு விகிதம் 2.01. நம்பக எல்லை 1.13 முதல் 3.58 வரை. ஆண்களிடம் எந்தத் தொடர்பும் தென்படவில்லை.

இந்த 2.01ஐத்தான் 'இரு மடங்கு ஆபத்து' என்று எழுதினார்கள். வாய்ப்பு விகிதமும் ஆபத்தும் ஒன்றல்ல. 7 மணித்தியாலம் உறங்கும் 100 பெண்களில் 20 பேருக்கு நோய் உண்டு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நோயுள்ளவர் 20, இல்லாதவர் 80. ஆகவே வாய்ப்பு கால். அதனை இரட்டித்தால் அரை. வாய்ப்பு அரை என்றால் நோயுள்ளவர் ஒருவருக்கு நோயில்லாதவர் இருவர், அதாவது 100க்கு 33 பேர். 20 என்பது 33 ஆவது பெரிய உயர்வுதான், ஆனால் இரு மடங்கு அல்ல. அரிதான நோய்களில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. உயர் குருதியமுக்கம் போல ஊரில் பாதித் தெருவுக்கு இருக்கும் நோயில் அது நன்றாகவே தெரியும். நம்பக எல்லையையும் பாருங்கள்: உண்மை 1.13 ஆகவும் இருக்கலாம், 3.58 ஆகவும் இருக்கலாம். ஒன்று பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு, மற்றது அஞ்ச வேண்டிய அளவு. அவ்வளவு குறைவாக உறங்கிய பெண்கள் அந்த ஆய்வில் அதிகம் பேர் இல்லை என்பதையே இந்த அகலம் காட்டுகிறது.

ஒரே நேரத்தில் எடுத்த கணக்கில் எது முந்தியது என்பதும் தெரியாது. நித்திரை குறைந்ததால் அமுக்கம் ஏறியதா, அல்லது நோயும் அதற்கான மருந்தும் நித்திரையைக் கெடுத்தனவா? சிறுநீர் பெருக்கும் குளிசையை மாலையில் விழுங்கியவர் இரவில் மூன்று தரம் எழும்புவார். அவரிடம் போய் நித்திரைக் குறைவால்தான் உங்களுக்கு நோய் வந்தது என்றால் அவர் சிரிப்பார்.

இதனை ஆய்வாளர்களும் அறிவார்கள். அதனால் அந்தக் கட்டத்தில் நோயில்லாதிருந்த 3,691 பேரைப் பிரித்தெடுத்து, 2003, 2004 வரை சராசரியாக 5 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 740 பேருக்குப் புதிதாக நோய் வந்தது; 100க்கு 20. வயதையும் வேலை நிலையையும் மட்டும் கணக்கில் கொண்டபோது, 5 மணித்தியாலத்தாரான பெண்களின் வாய்ப்பு விகிதம் 1.94. இதுவும் தலைப்புக்குப் பொருத்தமான எண்தான். ஆனால் இருதய நோய்க்கான மற்றக் காரணிகளையும் உளநலக் கோளாறுகளையும் சேர்த்துக் கணக்கிட்டதும் அது 1.31 ஆகச் சுருங்கியது, எல்லை 0.65 முதல் 2.63 வரை. எல்லைக்குள் 1 அகப்பட்டுவிட்டால், தொடர்பே இல்லை என்ற முடிவுக்கும் அந்தத் தரவு இடம் கொடுக்கிறது என்று பொருள். இன்னொன்றும் இருக்கிறது. இதே முழுக் கணக்கில் 6 மணித்தியாலம் உறங்கிய பெண்களின் விகிதம் 1.42. நித்திரை குறையக் குறைய ஆபத்து ஏற வேண்டுமென்றால் 5 மணித்தியாலத்தார் 6 மணித்தியாலத்தாரைவிட மேலே நிற்க வேண்டும். இங்கே கீழே நிற்கிறார்கள். படிக்கட்டு நடுவில் உடைந்திருக்கிறது.

அப்படியானால் ஆய்வு வீண் என்று தள்ளிவிடலாமா? கூடாது. இந்த வகை ஆய்வுகளை விமர்சிப்பவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடமும் இதுதான். நித்திரைக் குறைவு உடற்பருமனைக் கூட்டி, பருமன் குருதியமுக்கத்தைக் கூட்டுகிறது என்று வைத்தால், பருமன் வழியிலுள்ள ஒரு படி. அதனைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு நித்திரைக்குத் தொடர்பில்லை என்பது, ஏணியின் நடுப்படியை எடுத்துவிட்டு ஏற முடியவில்லை என்பதைப் போன்றது. பருமன் வழிப்படியா, தனிக் காரணமா என்பதை எண்கள் சொல்வதில்லை. அதை ஆய்வாளர் தாமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

வேறு சான்றுகளும் உண்டு. 2006இல் அமெரிக்காவில் கங்விஷ் குழுவினர் 4,810 பேரைப் பற்றி எழுதிய கட்டுரையில், 32 முதல் 59 வயது வரையானோரில் 5 மணித்தியாலமோ குறைவாகவோ உறங்கியவர்களின் ஆபத்து 2.10 என்று கண்டார்கள். மற்றக் காரணிகளைச் சேர்த்த பின்னும் 1.60 நின்றது. 60 வயதைக் கடந்தவர்களிடம் தொடர்பு இல்லை. 2009இல் நட்சன் குழுவினர் 578 பேரின் மணிக்கட்டில் அசைவை அளக்கும் கருவியைக் கட்டி, வாய்மொழியை நம்பாமல் நித்திரையை அளந்தார்கள். ஒரு மணித்தியாலம் குறையக் குறைய 5 ஆண்டுகளில் நோய் வரும் வாய்ப்பு 37 வீதம் கூடியது. ஓரிரவு நித்திரையைக் கெடுத்தால் மறுநாள் அமுக்கம் ஏறுவதைச் சிறு பரிசோதனைகள் காட்டியுள்ளன. 2022இல் அமெரிக்க இருதயச் சங்கம் இருதய நலத்துக்கான தன் பட்டியலில் நித்திரையை எட்டாவது அம்சமாகச் சேர்த்துக்கொண்டது. ஆகவே நித்திரைக்கும் குருதியமுக்கத்துக்கும் உறவு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. 'இரு மடங்கு' என்ற எண்ணையும், 'நித்திரை கொண்டால் இறங்கும்' என்று அதிலிருந்து பிதுக்கியெடுத்த வாக்குறுதியையும்தான் மறுக்கிறேன்.

அந்த வாக்குறுதியை நேராகச் சோதித்தவர்களும் உண்டு. குருதியமுக்கம் சற்று உயர்ந்திருந்த 22 பேரில் ஒரு பிரிவினரை 6 வாரங்கள் கூடுதலாக உறங்கச் செய்து பார்த்தார்கள். கட்டுரை 2013இல் வந்தது. கூடுதலாக உறங்கியவர்களுக்கு அமுக்கம் இறங்கியது. வழக்கம்போல் உறங்கியவர்களுக்கும் ஓரளவு இறங்கியது. இரு பிரிவுக்கும் இடையிலான வேறுபாடு உறுதியாகத் தேறவில்லை. 22 பேரை வைத்து அதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது.

இனி, கேட்கப்பட்ட கேள்வியைப் பார்ப்போம். வைற்ஹோல் ஊழியரிடம் கேட்டது, வாரநாள் இரவொன்றில் சராசரியாக எத்தனை மணித்தியாலம் உறங்குகிறீர்கள் என்பதே. 5 அல்லது குறைவு, 6, 7, 8, 9 அல்லது கூட என்று விடைகள். மனிதர் தம் நித்திரையைத் தாமே கணக்கிடுவதில் எவ்வளவு தவறுகிறார்கள் என்பதைச் சிக்காகோவில் 669 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்து 2008இல் வெளியிட்டார்கள். அவர்கள் சொன்னது சராசரி 6.8 மணித்தியாலம், கருவி காட்டியது 6. அலுவலகக் கடிகாரத்தின்படி வாழ்பவர்களே இப்படி என்றால், அதே கேள்வியைக் குச்சவெளிக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்?

திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டை வீதியில் வடக்கே 30 கிலோமீற்றருக்கு மேல் போனால் குச்சவெளி. முஸ்லிம்களும் தமிழர்களும் ஓரளவு சிங்களவரும் வாழும் பிரதேசம். நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, திரியாய் என்று கரையோரமாக நீள்கிறது. கடலும் வயலும் உப்பளமும்தான் பிழைப்பு. இங்கே வலையோடு மாலையில் போகிறவர் விடியலில் கரை சேருகிறார். அவருக்கு 'வாரநாள் இரவு' என்றால் என்ன? வெயில் ஏறிய பிறகு, தகரக் கூரையின் கீழ், பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவே அவர் கொள்ளும் நித்திரையை எந்தக் கட்டத்தில் குறிப்பது? வாடைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது வள்ளங்கள் கரையில் கிடக்கும். அப்போது இரவெல்லாம் உறங்கலாம், ஆனால் வருமானம் இல்லை, கடன் உண்டு. சோளகத்தில் கடல் அடங்கும். மேற்குக் கரையிலிருந்து வந்தவர்களும் வாடி அடித்துத் தங்குவார்கள். உழைப்பு உண்டு, இரவு நித்திரை இல்லை. ஒரே மனிதருக்கு ஆண்டுக்கு இரண்டு நித்திரை. சராசரி என்ற சொல் இங்கே எதையும் குறிப்பதில்லை. பெண்களின் நித்திரையோ இன்னும் துண்டு துண்டானது. கடலுக்குப் போகிறவருக்குச் சோறு கட்ட ஒரு முறை, வருகிறவருக்காக ஒரு முறை, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக ஒரு முறை என்று எழும்புவார்கள்.

கலக்கும் காரணிகளும் வேறு. கருவாட்டில் சேரும் உப்பு எவ்வளவு என்று லண்டன் ஊழியரின் உணவுப் பட்டியல் சொல்லாது. 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறிய கரை இது. இடம்பெயர்வு என்பது இங்கே ஒரு தலைமுறைக்கு மேல் தொடர்ந்த வாழ்க்கை முறை. அந்த ஆண்டுகளில் கெட்ட நித்திரையையும் அதே ஆண்டுகளில் ஏறிய குருதியமுக்கத்தையும் எந்தக் கணக்குப்பிள்ளை பிரித்தெடுப்பார்?

சரி, உள்நாட்டில் அளந்தார்களா? இலங்கையில் நீரிழிவு, இருதய நோய் பற்றிய பெரிய ஆய்வு 2005, 2006இல் நடந்தது. 5,000 பேரைத் தெரிவுசெய்து 4,532 பேரை ஆராய்ந்தார்கள். வளர்ந்தவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு உயர் குருதியமுக்கம் என்று தெரியவந்தது அதிலிருந்துதான். நாட்டின் 9 மாகாணங்களில் 7 மாகாணங்களில் அது நடந்தது. விடுபட்டவை வடக்கும் கிழக்கும், காரணம் போர். ஆய்வாளர்களை இதற்குக் குறைசொல்ல மாட்டேன், அன்றைய நிலையில் இரத்த மாதிரிகளோடு புல்மோட்டை வீதியில் யாரும் போயிருக்க முடியாது. ஆனால் 'இலங்கையில் நால்வரில் ஒருவர்' என்று மேற்கோள் காட்டுபவர்கள் அந்த இலங்கையில் குச்சவெளி இல்லை என்பதைச் சொல்வதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி பின்னர் நடந்த கணக்கெடுப்பு முழு நாட்டையும் சேர்த்துக்கொண்டது. அந்த முறையின் அடிப்படை வினாக்கொத்தில் புகைத்தல், மது, காய்கறி, உடலுழைப்பு எல்லாம் உண்டு, நித்திரை இல்லை.

வைற்ஹோல் ஆய்வின் உண்மையான பெருமை நித்திரையில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மைக்கல் மார்மட் தலைமையில் அது உலகுக்குக் காட்டியது, பதவிப் படியில் கீழே போகப் போக இருதய நோய் கூடுகிறது என்பதையும், தன் வேலையில் தனக்குக் கட்டுப்பாடு குறைந்தவர் கூடுதலாக நோயுறுகிறார் என்பதையுமே. பட்டினி இல்லாத, எல்லோருக்கும் நிரந்தர வேலையுள்ள ஓர் அலுவலகத்திலேயே அப்படி. நித்திரையும் அந்தப் படியோடு ஒட்டிய சரக்குத்தான். யார் எப்போது படுக்கலாம் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்டால், குச்சவெளியில் கடலும் மீன் வியாபாரியும் கடன்காரரும். ரொறன்ரோவின் இரவுத் தொழிற்சாலையிலும் லண்டனின் 24 மணித்தியாலப் பெற்றோல் நிலையத்திலும் வேலைப் பட்டியல் போடுகிறவர். அவர்களிடம் போய் '7 மணித்தியாலம் உறங்குங்கள்' என்பது, பசித்தவரிடம் நேரத்துக்குச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வருவதற்குச் சமம்.

இதற்கு எதிர்ப்புறத்தில், எழுந்தமானமாகப் பிரித்து இலங்கையிலேயே செய்த இரண்டு சோதனைகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி எந்த மகனும் தாய்க்குச் செய்தி அனுப்பியதாகத் தெரியவில்லை. ஒன்று, 11 வைத்தியசாலைக் கிளினிக்குகளில் 700 பேரிடம் நடத்தி 2018இல் வெளியானது. மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாகக் கொடுத்தபோது, 6 மாதங்களில் 100க்கு 70 பேரின் அமுக்கம் இலக்குக்குள் வந்தது. வழக்கமான சிகிச்சையில் 55 பேர். மற்றது இலங்கை, வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளின் கிராமங்களில் 2,645 பேரிடம் நடத்தி 2020இல் வெளியானது. சமூகச் சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப் போய் அளந்து, விளக்கி, தேவையானவரை வைத்தியரிடம் அனுப்பினார்கள். 2 ஆண்டுகளில் மேல் அளவு, ஒப்பீட்டுக் கிராமங்களைவிட 5 புள்ளிக்கு மேல் கூடுதலாக இறங்கியது. இங்கே நம்பக எல்லையோடு மல்லாட வேண்டியதில்லை. பருமனா, உப்பா, கடனா என்ற குழப்பமும் இல்லை. குலுக்கிப் பிரித்ததால் அவை இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாக விழுந்துவிட்டன. அந்தத் தாய் விட்டுவிட்ட குளிசைக்கு ஆதரவான சான்று இந்த வகை. அவர் அதற்குப் பதிலாகப் பிடித்துக்கொண்ட நித்திரைக்கு ஆதரவான சான்று முன்சொன்ன வகை. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது குளிசை கிடைக்காமல் அலைந்தவர்கள் உண்டு. கிடைக்கும்போது கைவிடுவதற்கு, உடைந்த படிக்கட்டு ஒன்று காரணமாகிவிடக் கூடாது.

நித்திரையை வைத்தியர்கள் கேட்கவே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. வேறு விதமாகக் கேட்கலாம். பெருங்குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று திடுக்கிட்டு விழிப்பவருக்கு அது தனி நோய். அதற்குச் சிகிச்சை உண்டு. அமுக்கமும் ஓரளவு இறங்கும். அதனைப் பக்கத்தில் படுப்பவரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அதைவிட எளிய கேள்வி ஒன்று கடற்கரை ஊர்களுக்கு உண்டு. கிளினிக் காலையில் நடக்கிறது. இரவெல்லாம் கடலில் கிடந்தவர் வலையைக் கரையில் போட்டுவிட்டு, கண் சிவக்க வந்து வரிசையில் நிற்கிறார். கையில் பட்டியைச் சுற்றி அளந்து கிளினிக் கொப்பியில் ஓர் எண் எழுதப்படுகிறது. அந்த எண்ணைப் பார்த்து மருந்து கூட்டப்படுகிறது. நேற்றிரவு உறங்கினீரா என்று கேட்டு, விடையையும் அதே கொப்பியில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி, உறங்கியெழுந்த ஒரு நாளில் இன்னொரு முறை அளந்து பார்ப்பதற்கு ஆய்வு நிதி எதுவும் தேவையில்லை.